ஓடுகிற வண்டிக்குப் பேரீச்சம்பழம்

1954ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் இருக்கிறது. பின்னால் ஒரு டிராம் வண்டி கொழுந்துவிட்டு எரிகிறது. முன்னால் கோட்டு சூட்டு போட்ட இரண்டு பெரிய மனிதர்கள். ஒருவர் காசோலையை நீட்ட, இன்னொருவர் வாங்கிக்கொள்கிறார். வாங்குகிறவர் ஃப்ரெட் ஒசானா, வழக்கறிஞர், அந்த ஊர் டிராம்களை ஓட்டிய ட்வின் சிட்டி ரேபிட் டிரான்சிட் கம்பெனியின் தலைவர். கொடுக்கிறவர் ஜேம்ஸ் டௌலி, அதே கம்பெனியின் அதிகாரி. பின்னால் பிணம் எரிய, முன்னால் நின்று மொய் வாங்கிய இழவு வீடு உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும். போதாக்குறைக்குப் போட்டோகிராபரையும் வரவழைத்திருக்கிறார்கள்.

ஏன் எரித்தார்கள் என்றால், அதற்கும் ஒரு தொழில் நுணுக்கம் உண்டு. பழைய டிராமுக்கு உடம்பெல்லாம் மரம். பலகை பலகையாகப் பிரித்துக்கொண்டிருந்தால் கூலி கட்டாது. பெட்ரோலை ஊற்றிப் பற்றவைத்தால் அரை மணியில் மரம் போய்விடும். சாம்பலுக்கு நடுவில் சக்கரம், அச்சு, அடிச்சட்டம் எல்லாம் இரும்பாக மிஞ்சும். மோட்டாருக்குள் சுற்றிய செம்புக் கம்பி மிஞ்சும். அதுதான் உண்மையான காசு. கட்டுப்பாட்டுக் கைப்பிடியின் பித்தளை தனி. இப்படி எரித்து, உருக்கி, எடைபோட்டு விற்றதில் கணக்கு இடித்தது. கம்பெனிச் சொத்தை விற்ற பணத்தில் மோசடி செய்து தன் பையை நிரப்பிக்கொண்டார் என்று 1960இல் ஒசானா குற்றவாளியாகத் தீர்ப்பானார். அதற்குள் ஐநூறு மைலுக்கு மேல் தண்டவாளம் ஓடிய ஒரு ஊரில் டிராம் என்று சொல்ல ஒன்றிரண்டு பெட்டிகள்தான் மிச்சம். திருடனுக்குச் சிறை கிடைத்தது. ஊருக்கு பஸ் கிடைத்தது.

என் சின்ன வயதில் எங்கள் தெருவுக்குத் தள்ளுவண்டி ஒன்று வரும். “பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்” என்று ராகம் போட்டுக் கூவுவார். உடனே பிள்ளைகள் வீட்டைச் சலித்துவிடுவோம். அறுந்த கொக்கி, ஒடிந்த கரண்டி, துருப்பிடித்த ஆணி எது கிடைத்தாலும் சரி. ஒருமுறை ஆசை மிகுதியில் பித்தளைச் செம்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பாட்டி வாசலிலேயே மறித்து, செம்பில் தண்ணீர் ஊற்றித் தூக்கிக் காட்டினாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. பிறகு முதுகில் ரெண்டு வைத்தாள். ஓட்டையானதை மட்டும்தான் போடலாம் என்பது வீட்டுச் சட்டம். எழுதப் படிக்கத் தெரியாத அந்தக் கிழவிக்குத் தெரிந்த சட்டம் எந்த மாநகராட்சிக்கும், எந்தப் போக்குவரத்துத் துறைக்கும் தெரியவில்லை. எந்த ஊர் டிராமுக்கும் யாரும் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பேரீச்சம்பழத்தை மட்டும் யார் யாரோ தின்றிருக்கிறார்கள்.

மினியாபொலிஸ் கதை இன்னும் முடியவில்லை. எரித்த மர வண்டிகள் போக, அந்தக் கம்பெனியிடம் 1940களில் வாங்கிய புது மாதிரி எஃகு வண்டிகள் 141 இருந்தன. அவற்றை எரித்தால் பைத்தியம் என்று அவர்களுக்கே தோன்றியிருக்கும்; விற்றார்கள். 91 மெக்சிகோ நகரத்துக்கு, 20 கிளீவ்லாந்துப் பக்கம், 30 நியூஜெர்சியின் நியூவர்க் நகரத்துக்கு. மினியாபொலிஸில் “காலாவதி” ஆன அந்த வண்டிகள் நியூவர்க்கில் 2001 வரை தினசரி ஆள் ஏற்றி ஓடின. ஏறக்குறைய அரை நூற்றாண்டு. அங்கும் ஓய்வு கொடுத்த பிறகு அவற்றில் 11 வண்டிகளை சான்பிரான்சிஸ்கோ வாங்கியது, சாயம் பூசி, மார்க்கெட் தெருவில் சீட்டுக் கிழித்து ஓட்டியது. பேரன் பேத்தி எடுத்த பிறகு மூன்றாம் கல்யாணம் செய்துகொண்ட மாதிரி. இதற்கிடையில் மினியாபொலிஸ் என்ன செய்தது? ஐம்பது வருஷம் பஸ் புகை குடித்து இருமிவிட்டு, 2004இல் 71 கோடியே 50 லட்சம் டாலர் செலவில் மறுபடியும் தண்டவாளம் போட்டு மின்சார வண்டி விட்டது. எரித்ததற்குக் காசு வாங்கினான் ஒருவன். எரித்ததைத் திரும்பக் கட்ட வரி கட்டினான் இன்னொருவன். இவர்கள் இருவரும் ஒரே ஆளாக இருந்ததை நான் எந்த ஊரிலும் கேள்விப்படவில்லை.

லண்டன்காரர்களுக்குச் சாவிலும் ஒரு நகைச்சுவை உண்டு. 1952 ஜூலையில் தங்கள் டிராம்களைக் கடைசியாக ஓட்டி முடித்தார்கள். கூட்டம் கூட்டமாக வந்து வழியனுப்பினார்கள். வண்டிகளைக் கொண்டுபோய் எரித்த சார்ல்டன் முற்றத்துக்கு டிராமையும் மின்மயானத்தையும் ஒட்டவைத்து “டிராமடோரியம்” என்று பேர் வைத்தார்கள். 48 வருஷம் கழித்து, 2000ஆம் ஆண்டில், தெற்கு லண்டனின் குரோய்டனில் புது டிராம் விட்டார்கள். அதற்கும் கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

சென்னைக்காரன் இதைப் பார்த்துச் சிரிக்க முடியாது. 1895 மே 7 அன்று மெட்ராஸில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியபோது, ஆண்டுகொண்டிருந்த லண்டன் துரைமார் ஊரில் டிராமைக் குதிரைதான் இழுத்துக்கொண்டிருந்தது. நாட்டிலேயே முதல் மின்சார டிராம் நம்முடையது. 1921இல் 24 கிலோமீட்டரில் 97 பெட்டிகள். 1953 ஏப்ரல் 12இல் எல்லாம் நின்றது. நியாயமாகச் சொன்னால், கம்பெனி கடனில் மூழ்கியது உண்மை. ஆனால் முங்குகிறவனைத் தூக்க யாரும் கை நீட்டவில்லை என்பதும் உண்மை. தண்டவாளம் போச்சு, பெட்டி போச்சு. நான் இந்த ஊரில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியும் அந்த 97இல் ஒன்றைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. இன்று அதே ஊர் இரண்டாம் கட்ட மெட்ரோவுக்கு 118.9 கிலோமீட்டருக்கு 63,246 கோடி ரூபாய் என்று கணக்குப் போட்டு, தெருத் தெருவாகத் தோண்டிக்கொண்டிருக்கிறது. மெட்ரோ வேண்டாம் என்று சொல்லவில்லை. பல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தங்கப் பல் கட்டிக்கொள்கிறவனைப் பார்த்தால் எரிச்சல் வருமா வராதா, அவ்வளவுதான்.

பம்பாய் 1964இல் முடித்தது. டெல்லி 1963இல். கான்பூர் அதற்கும் முன்பே. மிஞ்சியது கொல்கத்தா ஒன்றுதான். ஆசியாவிலேயே மிகப் பழைய மின்சார டிராம்களில் ஒன்று. இன்னும் ஓடுகிற இந்தியாவின் ஒரே டிராம். அதற்குத்தான் 2024 செப்டம்பரில் மேற்கு வங்கப் போக்குவரத்து அமைச்சர் பிரிவு உபசாரம் அறிவித்தார். மைதானத்துக்கும் எஸ்பிளனேடுக்கும் நடுவே ஒரு சின்னப் பாதை மட்டும் “பாரம்பரியச் சேவை”யாக இருக்கும், மற்றதெல்லாம் நிறுத்தப்படும் என்றார்.

அரசாங்க ஊழியர் ஒருவர் ஓய்வு பெறும்போது பணிப்பதிவேட்டை எடுத்துப் பார்ப்பது வழக்கம். நாமும் பார்த்துவிடலாம். முதல் பணியமர்வு: 1873 பிப்ரவரி 24, சியால்டாவிலிருந்து ஆர்மீனியன் காட் வரை, குதிரை இழுவை. அதே வருஷம் நவம்பரில் ஆள் போதவில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநியமனம்: 1880இல் லண்டனில் கம்பெனி பதிவு. பதவி உயர்வு: 1902, மின்சாரம். ஒழுங்கு நடவடிக்கை என்ற பத்தியில் ஒரே ஒரு பெரிய குற்றம். 1954 அக்டோபரில் கவிஞர் ஜீவனானந்த தாஸ் மீது மோதி, எட்டு நாள் கழித்து அவர் மருத்துவமனையில் இறந்தார். வங்காளி அதை இன்னும் மன்னிக்கவும் இல்லை, அதற்காக டிராமை வெறுக்கவும் இல்லை. விடுப்பு எடுத்த கணக்கு: கலவரம், வெள்ளம், வேலைநிறுத்தம். லஞ்சப் புகார்: இல்லை. இப்படியொரு பதிவேடு அந்தத் துறையில் வேறு யாருக்காவது இருக்குமா என்று துறையைத்தான் கேட்க வேண்டும்.

அந்தப் பதிவேட்டில் 1953ஆம் வருஷத்துப் பக்கத்தை மட்டும் ஒரு தரம் நிறுத்திப் படிக்க வேண்டும். ஏப்ரலில் மெட்ராஸ் டிராம் செத்தது. ஜூலையில் கொல்கத்தா டிராம் கம்பெனி, அப்போதும் வெள்ளைக்காரன் கம்பெனிதான், இரண்டாம் வகுப்புக் கட்டணத்தில் ஒரே ஒரு பைசா ஏற்றியது. ஊர் கொதித்தது. சீட்டு வாங்க மறுத்தார்கள். வண்டிகள் எரிந்தன, போலீஸ் தடியடி, துப்பாக்கி, கைது. கடைசியில் அரசாங்கம் பணிந்தது, பைசா இறங்கியது. அந்தப் போராட்டத்தை நடத்தியவர்களில் முக்கியமானவர் கம்யூனிஸ்ட் தலைவர் ஜோதி பாசு. நாற்பது வருஷம் கழித்து 1993இல் ஹௌரா பாலத்தின் மேல் ஓடிய டிராமை நிறுத்தியபோது முதலமைச்சர் நாற்காலியில் இருந்தவரும் ஜோதி பாசுதான். ஒரு பைசாவுக்காகச் சிறை போனவர் ஆட்சியில் ஒரு பைசாவும் ஏற்றாமல் வண்டியையே இறக்கிவிட்டார்கள். இந்த விஷயத்தில் சிவப்புக் கொடிக்கும் பின்னால் வந்த திரிணாமுல் காங்கிரஸின் மூவண்ணக் கொடிக்கும் ஒரு குறையும் சொல்ல முடியாத ஒற்றுமை. அவர் வெட்டிய கிளை போக, மிச்ச மரத்தை இவர்கள் வெட்டினார்கள்.

டிராமை யாரும் ஒரேயடியாக வெட்டுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது முறை தெரியாதவன் வேலை. முறை தெரிந்தவன் முதலில் வண்டியை ரிப்பேர் செய்வதை நிறுத்துவான். பிறகு பாலம் பலவீனம் என்பான். பிறகு மெட்ரோ தோண்டுகிறோம், தற்காலிகமாக நிறுத்தம் என்பான். தற்காலிகம் என்பது நம் நாட்டில் ஆயுள் தண்டனைக்கு இன்னொரு பெயர். 2020 மே மாதம் உம்பன் புயல் வந்து மரங்கள் விழுந்து மேல் கம்பிகள் அறுந்தன. வீட்டுக்குப் போகிற கம்பி அறுந்தால் ஊரே கத்தும், ஆகவே கட்டிவிட்டார்கள். டிராம் கம்பி கத்துமா? சில தடங்களில் அது அப்படியே கிடந்தது. வண்டி பத்து நிமிஷத்துக்கு ஒன்று வந்தது, இருபது நிமிஷத்துக்கு ஒன்றாயிற்று, பிறகு நாற்பது. நாற்பது நிமிஷம் நிற்க முடியாதவன் ஆட்டோவில் ஏறினான். உடனே அதிகாரி பேனாவை எடுத்துக் குறிப்பெழுதினார்: “பயணிகள் ஆதரவு குறைந்துவிட்டது.” சோறு போடாமல் வைத்துவிட்டு, பிள்ளை இளைத்துப்போச்சு, ஏதோ வியாதி என்று பக்கத்து வீட்டில் புலம்புகிற மாற்றாந்தாய் இதைவிட மேல். அவள் குறைந்தபட்சம் கோப்பில் எழுதி வைப்பதில்லை. ஒரு காலத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட தடங்கள். 2024இல் எண்ணினால் மூன்று.

போன முறை கொல்கத்தா போனபோது கரியாஹாட்டில் 25ஆம் நம்பர் ஏறினேன், எஸ்பிளனேடுக்கு. மரப் பெஞ்சு, உட்கார்ந்து உட்கார்ந்து வழவழத்துப் போயிருந்தது. ஜன்னலுக்கு மேலே இருக்கிற மின்விசிறி என் தலையைத் தவிர எல்லாத் திசைக்கும் காற்று அனுப்பியது. கண்டக்டர் விரலிடுக்கில் நோட்டுகளை நீளவாக்கில் மடித்துச் செருகிக்கொண்டு, தோல்பையைக் குலுக்கிச் சில்லறை சத்தத்தில் ஆள் கூப்பிட்டார். பத்து ரூபாய் கொடுத்தேன், மிச்சம் கொடுத்தார். பத்து ரூபாய்க்கு மிச்சம் வாங்குகிற அனுபவம் எனக்குக் கிட்டத்தட்ட மறந்தே போயிருந்தது. முன்பெல்லாம் இந்த வண்டிகளில் முன்பெட்டிக்கு விசிறி உண்டு, பின்பெட்டிக்குக் கிடையாது. விசிறிக் காற்றுக்கு விலை ஐம்பது பைசா என்று வைத்திருந்தார்கள். வர்க்கப் போராட்டத்தை இவ்வளவு துல்லியமாக அளந்த அரசாங்கம் வேறெங்கும் இருந்ததில்லை.

பார்க் சர்க்கஸ் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் வண்டி நின்றது. எட்டிப் பார்த்தேன். தண்டவாளத்தின் மேல் பாதியும் வெளியே பாதியுமாக ஒரு வெள்ளைக் கார். ஆள் இல்லை. ஓட்டுநர் நின்றபடியே ஓட்டுகிறவர். காலுக்கு அடியில் இருக்கிற மணியை மிதித்தார். டங், டங், டங். வாழ்நாள் முழுக்க ஒதுங்கிப் போகத் தெரியாத வண்டி டிராம். அதன் குணமும் அதுதான், குற்றமும் அதுதான். டங், டங். பின்னால் ஒரு பஸ், அதன் பின்னால் நாலு மஞ்சள் டாக்ஸி, அதன் பின்னால் ஆட்டோக்கள் என்று வால் வளர்ந்தது. எல்லோரும் டிராமைப் பார்த்து ஹார்ன் அடித்தார்கள். ஏழு நிமிஷம் கழித்து மிட்டாய்க்கடையிலிருந்து ஒரு கனவான் சந்தேஷ் பெட்டியுடன் இறங்கி வந்தார். அவசரப்படவில்லை. பெட்டியைப் பின்சீட்டில் சாயாமல் வைத்தார், கதவைச் சாத்தினார், டிராமை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை மொழிபெயர்த்தால், ‘இந்தச் சனியனை எப்போ நிறுத்தப் போறாங்க?’ என்று வரும்.

கண்டக்டர் என் பக்கம் திரும்பி, “தாதா, நாளைக்குப் பேப்பர்ல வரும், டிராமால டிராஃபிக் ஜாம்” என்றார். சிரிக்கவில்லை.

அமைச்சர் சொன்ன காரணமும் ஏறக்குறைய அதுதான். கொல்கத்தாவின் நிலப்பரப்பில் சாலை வெறும் 6 சதவிகிதம், நெரிசல் தாங்காது, டிராம் மெதுவாகப் போகிறது. ஆறு சதவிகிதச் சாலை இருக்கிற ஊரில் நூறு பேரைச் சுமக்கிற வண்டிக்கு இடம் இல்லை. ஒருவரையும் அவருடைய சந்தேஷையும் சுமக்கிற வண்டிக்கு இடம் இருக்கிறது, நிற்கவும் இடம் இருக்கிறது. என் கணக்கு வாத்தியார் இருந்திருந்தால் இந்த விடைக்கு முட்டை போட்டு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்று அனுப்பியிருப்பார். வேடிக்கையைப் பாருங்கள்: 2019இல் கோபன்ஹேகனில் கூடிய சி40 நகரங்களின் மாநாட்டில் பசுமைப் போக்குவரத்துக்கான விருதைக் கொல்கத்தா வாங்கியது, பேட்டரி பஸ் விட்டதற்காக. புகை விடாத வண்டிக்கு விருது வாங்கிய கையால் ஐந்து வருஷத்தில் 1902 முதல் புகையே விடாமல் ஓடுகிற வண்டிக்கு ஓய்வு ஆணை எழுதினார்கள். பேட்டரி இல்லாததுதான் குற்றமோ என்னவோ. பேட்டரி வாங்கினால் டெண்டர் உண்டு, கம்பி மேலே தொங்கினால் டெண்டர் இல்லை.

வயதைச் சொல்லவே வேண்டாம். கொல்கத்தாவில் ஓடியவற்றில் பல, ஜெசப்பும் பர்ன் ஸ்டாண்டர்டும் 1980களில் கட்டிக்கொடுத்தவை. அதாவது நாற்பது வயசு. மிலானில் 1928இல் கட்டிய வண்டி இன்றைக்கும் காலை எட்டு மணிக்கு ஆபீஸ்காரர்களை ஏற்றிக்கொண்டு போகிறது. அதே மாதிரி வண்டிகள் சிலவற்றை சான்பிரான்சிஸ்கோவும் வாங்கி ஓட்டுகிறது. முடிவெட்டி, முகம் வழித்து, எண்ணெய் வைத்தால் கிழவனும் நடப்பான். படுக்கையில் கட்டிப்போட்டுவிட்டு, எழுந்திருக்க மாட்டேன் என்கிறான் என்று டாக்டரிடம் சொன்னால் அவரால்தான் என்ன செய்ய முடியும்?

இப்போது “பாரம்பரியம்” என்ற சொல்லுக்கு வருகிறேன். இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு ஊதுபத்தி வாசனை அடிக்கிறது. உயிரோடு இருக்கிறவரை டிராமை யாரும் பாரம்பரியம் என்று சொன்னதில்லை. “நம்பர் 25” என்றுதான் சொன்னார்கள். கண்டக்டரைத் திட்டினார்கள், தொங்கிக்கொண்டு போனார்கள், சில்லறைக்குச் சண்டை போட்டார்கள். கழுத்தை நெரிக்கிற நேரம் வந்ததும் மாலை வாங்க ஆள் அனுப்பினார்கள். 2014இல் எஸ்பிளனேடில் 1938ஆம் வருஷத்துப் பெட்டி ஒன்றை நிறுத்தி ‘ஸ்மரணிகா’ என்று அருங்காட்சியகம் வைத்தார்கள்: உள்ளே பழைய டிக்கெட், தொப்பி, பேட்ஜ், டீ குடிக்க இடம். 2020இல் டிராமுக்குள் நூலகம். அதே வருஷக் கடைசியில் கரியாஹாட் டிப்போவுக்குள் ‘டிராம் வேர்ல்டு’, பழைய பெட்டிகளுக்குச் சித்திரம் தீட்டி நிறுத்தி, செல்ஃபி எடுக்க வசதி. 2023 பிப்ரவரி 24இல் நூற்றைம்பதாவது பிறந்த நாள் விழா. பேண்டு வாத்தியம், பூ அலங்காரம். பத்தொன்பதாவது மாதம் மூடுவிழா அறிவிப்பு. அறுபதாம் கல்யாணம் செய்து வைத்த கையோடு பாடைக்கு மூங்கில் வாங்கியவர்களை நம் பக்கத்திலும் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்கள் இரண்டுக்கும் ஒரே பந்தல்காரரிடம் பேரம் பேசியதில்லை.

நூலகம் வைத்ததையோ அருங்காட்சியகம் வைத்ததையோ நான் குறை சொல்லவில்லை. அங்கே வேலை பார்க்கிறவர்கள் உண்மையாகவே டிராமை நேசிக்கிறவர்கள். 1996 முதல் மெல்போர்னும் கொல்கத்தாவும் சேர்ந்து ‘டிராம்ஜாத்ரா’ என்று திருவிழா கொண்டாடுகிறார்கள், இரண்டு ஊர்க் கண்டக்டர்களும் கைகோத்து. மெல்போர்ன் அந்தத் திருவிழாவுக்குப் பிறகு ஊருக்குத் திரும்பிப் போய் 250 கிலோமீட்டர் டிராமைத் தொடர்ந்து ஓட்டுகிறது. அங்கேயும் வண்டிகள் ஓய்வு பெறுகின்றன. 2018இல் பழைய டபிள்யூ வகை வண்டிகள் நூற்றுக்கு மேல் யாருக்கு வேண்டும் என்று அரசாங்கமே விளம்பரம் செய்து, பள்ளிக்கூடம், சங்கம், தோட்டம் என்று கேட்டவர்களுக்குக் கொடுக்க ஏற்பாடு செய்தது. அங்கே வண்டி ஓய்வு பெறும், தடம் ஓய்வு பெறாது. கொல்கத்தாவில் வண்டிக்கும் தடத்துக்கும் தரைக்கும் சேர்த்து ஓய்வு.

தரை. பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது, வண்டி டிப்போவில் வந்து நிற்கிற மாதிரி. டாலிகஞ்ச், பெல்காச்சியா, காளிகாட், ஷியாம்பஜார், கித்தர்பூர், பார்க் சர்க்கஸ், கரியாஹாட்: நூறு வருஷத்துக்கு முன்னால் ஊர் ஓரத்தில் மாட்டுத் தொழுவம் போல இருந்த டிப்போக்கள், ஊர் வளர்ந்து வந்து நடு நெஞ்சில் உட்கார்ந்துகொண்டன. ஒவ்வொன்றும் காணிக் கணக்கில். அங்கே ஒரு சதுர அடி என்ன விலை என்று தரகரிடம் கேளுங்கள், கேட்டுவிட்டு உட்கார நாற்காலி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டாலிகஞ்ச் மாதிரி டிப்போக்களின் “உபரி நிலத்தை” நீண்ட காலக் குத்தகைக்கு விடுகிற வேலை பத்து வருஷத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. உபரி! எவ்வளவு அழகான சொல். நூறு வண்டி நின்ற இடத்தில் ஐம்பதாக்கினால் பாதி நிலம் உபரி. ஐம்பதைப் பத்தாக்கினால் இன்னும் உபரி. வண்டியே இல்லையென்றால் டிப்போ முழுக்க உபரிதான். எங்கள் ஊரில் ஒரு பண்ணையார் குத்தகைக்காரனைக் காலி செய்ய மடையை அடைப்பார். பயிர் காய்ந்த பிறகு வந்து, “நிலம் தரிசாத்தானே கிடக்கு?” என்று வருத்தப்படுவார். அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு தலைமைச் செயலகத்தில் உட்கார்ந்திருந்தால் ‘உபரி’ என்றுதான் சொல்லியிருப்பார்.

கொல்கத்தாவில் உயர் நீதிமன்றம் வரைக்கும் போய் வழக்குப் போட்டு, ஊர்க்காரர்கள் சிலர் தண்டவாளத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள். வழக்கு நடக்கும்போதே பல இடங்களில் தண்டவாளத்தின் மேல் தார் ஊற்றிவிட்டார்கள். நான் காளிகாட் பக்கம் பார்த்தேன். தார் ரொம்பச் சன்னமாகத்தான் போட்டிருந்தார்கள். அதிலும் கமிஷன் போயிருக்கும். மழை பெய்து கார்கள் மிதித்து மிதித்து, இரண்டு இடங்களில் தார் விட்டு, இரண்டு கோடாக இரும்பு பளபளவென்று வெளியே தெரிந்தது. பக்கத்தில் வெற்றிலை விற்கிற கிழவர், நான் குனிந்து பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “மாசா மாசம் மூடறாங்க, மாசா மாசம் எட்டிப் பாக்குது” என்று இந்தியில் சொல்லி, வாய் நிறைய சிவப்பாகச் சிரித்தார்.

25ஆம் நம்பர் போகிற வழியில் நோனாபுகுர் என்று ஒரு இடம். டிராம் பட்டறை அங்கேதான். கேட்டுக்கு உள்ளே வரிசையாகப் பெட்டிகள் நிற்கின்றன. ஜன்னல் சட்டம் போனது, சக்கரம் கழன்றது, முகப்பு விளக்கு இருந்த இடத்தில் வெறும் ஓட்டை, கூரைத் தகட்டிலிருந்து அரசங்கன்று ஒன்று எட்டிப் பார்த்தது. போட்டோ எடுக்கப் போனேன். காவலாளி ஓடிவந்து, “நிஷேத், நிஷேத்” என்றார். தடை. ஏன் என்றேன். அரசாங்கச் சொத்து என்றார். அந்தச் சொத்தின் மேல் ஒரு காக்காய் உட்கார்ந்து, துருவைக் கொத்திப் பார்த்துவிட்டுப் பிடிக்காமல் பறந்தது. அதற்குத் தடை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஊர் திரும்பிய பிறகும் மனசு ஆறவில்லை. எங்கள் தெரு முனையில் ஒரு காயலான்கடை இருக்கிறது. பழைய பேப்பர் போட வாரா வாரம் போவேன். கடைக்காரத் தம்பி தராசில் ஒரு பழைய வாஷிங்மெஷினின் வயிற்றைப் பிரித்துச் செம்பு எடுத்துக்கொண்டிருந்தான். ஒரு வேகத்தில் கேட்டேன்:

“தம்பி, ஒரு டிராம் வண்டி போட்டா எவ்வளவு தருவே?”

அவன் கேலி செய்யவில்லை, அவன் தொழில் அது. “எத்தன டன்னு சார்?”

“இருபது டன் வாக்குல வரும்.”

“மோட்டார் இருக்குதா?”

“இருக்கு.”

“செம்பு தனி ரேட்டு. இரும்பு தனி. பித்தளை கெடக்குமா உள்ள?”

“கைப்பிடியெல்லாம் பித்தளைதான்.”

கைவிரலை மடக்கி மடக்கி ஏதோ கணக்குப் போட்டான். பிறகு நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

“எப்பலேந்து ஓடாம கெடக்கு சார்?”

“ஓடிக்கிட்டுதாம்ப்பா இருக்கு.”

“ஓடுதா?”

“நேத்துகூட ஆள் ஏறிட்டுப் போனாங்க.”

அவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். தெருவில் யாராவது வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தான். என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தி, “திருட்டு மாலா சார்?” என்றான். “அதெல்லாம் நாங்க எடுக்கறதில்ல.”